டிஃபனி வைரத்துக்கு மஞ்சள் எங்கிருந்து வந்தது?

நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் டிஃபனி நகைக்கடையின் மிகப் புகழ்பெற்ற கல் விற்பனைக்கு இல்லை. டிஃபனி மஞ்சள் வைரம் என்று உலகம் அறிந்த அந்தக் கல்லின் எடை 128.54 காரட், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ மூன்றேகால் பவுன். நீளம் 28.25 மில்லிமீட்டர், அகலம் 27, உயரம் 22.2. உடம்பெங்கும் 82 பட்டைகள். இந்த எண்களை யார் அளந்தாலும், எங்கே அளந்தாலும் மாறப்போவதில்லை. கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றோடு 'நிறம்: மஞ்சள்' என்று ஒரு வரியையும், எடையைப் போலவே அதுவும் கல்லோடு பிறந்த குணம் என்பதுபோல, சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. எடை கல்லில் இருக்கிறது. நிறம் கல்லுக்கும் ஒளிக்கும் பட்டை தீட்டியவருக்கும் இடையில் உருவாகிறது. இந்தக் கல்லின் மஞ்சளில் பூமியின் பங்கு ஒன்று, பட்டறையின் பங்கு ஒன்று, சந்தையின் பங்கு ஒன்று. பூமியின் பங்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; அதையும் பெரும்பாலும் தவறாகவே பேசுகிறார்கள்.

முதலில் கல் வந்த வழி. 1867இல் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றங்கரையில், ஹோப்டவுன் என்ற ஊருக்கு அருகே கிடைத்த 21.25 காரட் கல்தான் அந்த நாட்டின் வைர வரலாற்றைத் தொடங்கிவைத்தது. 'யுரேகா' என்று பெயர் பெற்ற அந்த முதல் கல்லே பழுப்பு கலந்த மஞ்சள் என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கே ஆண்டுகளில் கிம்பர்லியில் ஒரு சிறு குன்றின் மேல் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி மண்வெட்டியோடு இறங்கினார்கள். குன்று காணாமல் போய், அந்த இடத்தில் இன்று 'பெரும் பள்ளம்' என்று சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்கும் குழி உண்டானது. 1877இல் கிம்பர்லியில் கிடைத்த 287.42 காரட் மஞ்சள் கல்லை நியூயார்க் வணிகர் சார்லஸ் லூயிஸ் டிஃபனி 18,000 டாலருக்கு வாங்கினார். காரட் ஒன்றுக்கு 63 டாலர்கூட ஆகவில்லை. கல் இருந்த குழிக்குள் வேலை செய்தவர்களுக்கு அந்த 18,000இல் எதுவும் வந்து சேர்ந்திருக்க வழியில்லை. கறுப்பினத்தவர் சொந்தமாகச் சுரங்க உரிமம் வைத்துக்கொள்வதை வெள்ளையர் 1870களிலேயே தடுத்துவிட்டனர். வேலை முடிந்து வெளியேறும்போது ஆடை களைந்து சோதனை. 1885 முதல் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே போக முடியாத, சுவர் எழுப்பிய முகாம்கள். இந்த வைரத்தை 2021இல் பாடகி பியான்சே ஒரு விளம்பரத்துக்காக அணிந்தபோது எழுந்த கண்டனம் இந்த வரலாற்றிலிருந்து வந்ததுதான். அழகைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பவர்கள், 18,000 டாலர் என்ற விலை எப்படிச் சாத்தியமானது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அந்த விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவிலும் பின்னர் பிரேசிலிலும் கிடைத்த வெண்மையான கற்களைப் பார்த்துப் பழகிய ஐரோப்பிய வணிகர்களுக்குத் தென்னாப்பிரிக்கக் கற்களின் மஞ்சள் சாயை பிடிக்கவில்லை. தென்முனைக் குடியேற்றத்தின் பெயரால் அவற்றை 'கேப்' என்று அழைத்தார்கள். நாளடைவில் வைரச் சந்தையில் 'கேப்' என்றாலே மஞ்சளடித்த, ஒரு படி மட்டமான கல் என்று பொருளாகிவிட்டது. இன்றும் பழைய வியாபாரிகள் அந்தச் சொல்லை அந்தத் தொனியில்தான் சொல்கிறார்கள். ஆக, ஒரே நிறம் ஒரு கல்லின் விலையைக் குறைக்கிறது. இன்னொரு கல்லை உலகப் புகழ் பெறச் செய்கிறது. மஞ்சள் என்பது தங்கத்தின் தூய்மைபோலத் தானாகவே விலையைத் தீர்மானிக்கும் குணமாக இருந்தால் இப்படி நடந்திருக்காது.

இனி பூமியின் பங்கு. வைரம் முழுக்கக் கார்பன். ஒவ்வொரு கார்பன் அணுவும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு கைகோத்து நிற்கும் படிகம் அது. சுத்தமான வைரத்தில் கண்ணுக்குப் புலப்படும் ஒளி எதுவும் சிக்குவதில்லை; எல்லா நிறமும் உள்ளே போய் வெளியே வந்துவிடும், அதனால் கல் நிறமற்றுத் தெரியும். ஆனால் பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே கார்பன் படிகமாகும்போது, சுற்றிலும் இருக்கும் நைட்ரஜனும் உள்ளே நுழைந்துவிடுகிறது. தனிம அட்டவணையில் கார்பனுக்கு அடுத்த வீடு நைட்ரஜன். உருவமும் ஏறத்தாழ ஒத்துப்போகும். அது ஒரு கார்பன் அணுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், நான்கு கைகளுக்கு நான்கு எலக்ட்ரான் போக ஐந்தாவதாக ஒன்று மிஞ்சும். அந்த உபரி எலக்ட்ரான் நீல ஒளியை விழுங்கிக்கொள்ளும். வெள்ளை ஒளியிலிருந்து ஊதாவையும் நீலத்தையும் கழித்தால் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள். பாடப்புத்தகங்களும் நகைக்கடைத் துண்டுப்பிரசுரங்களும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன: நைட்ரஜன் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் வெள்ளை, நைட்ரஜன் கூடினால் மஞ்சளும் கூடும்.

இந்த விளக்கத்தை ஒரே ஒரு உண்மை கவிழ்த்துவிடுகிறது. இயற்கையில் கிடைக்கும் வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் இருக்கிறது. சிலவற்றில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஆயிரத்துக்கும் மேல். அப்படியிருந்தும் அவற்றில் ஏராளமானவை பார்வைக்கு வெள்ளைதான். நம் வீட்டுத் தோட்டிலும் மூக்குத்தியிலும் இருக்கும் 'வெள்ளை' வைரத்துக்குள்ளும் நைட்ரஜன் இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபக்கம், பத்து லட்சத்துக்குச் சில பத்து அணுக்கள் மட்டும் கலந்த கல் எலுமிச்சைத் தோலைப்போல மஞ்சளாக ஒளிர்கிறது. அளவு நிறத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. தீர்மானிப்பது அமைப்பு. நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியே சிதறி நின்றால் கடுமையான மஞ்சள். பூமியின் சூட்டில் அவை படிகத்துக்குள்ளேயே மெல்ல நகர்ந்து, இரண்டிரண்டாகச் சேரும். சேர்ந்த ஜோடி கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை மட்டும் விழுங்கும், கல் வெளுத்துவிடும். இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அதே சூட்டில் இருந்தால், ஜோடிகள் கூடி, ஒரு காலியிடத்தைச் சுற்றி நான்கு நைட்ரஜன் நிற்கும் கூட்டமாகும். அதற்கும் நிறமில்லை. இந்த மாற்றத்தின் நடுவே, உபவிளைவாக, ஒரு காலியிடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் நிற்கும் அமைப்பு கொஞ்சம் உண்டாகிறது. அது 415 நானோமீட்டர் அலைநீளத்தில் ஊதா ஒளியை உறிஞ்சும். அதோடு தொடர்புடைய இன்னோர் உறிஞ்சல் 478 நானோமீட்டரில், நீலத்தில் விழும். கேப் கற்களின் மஞ்சளுக்கு இந்த இரண்டும்தான் காரணம். 415இல் விழும் அந்தக் கோட்டை விஞ்ஞானிகள் 1891லேயே பார்த்துவிட்டார்கள். பின்னால் இருப்பது நைட்ரஜன் என்று தெரியத்தான் வெகுகாலம் ஆயிற்று.

அந்தத் தாமதத்தில் நம்மவர் ஒருவருக்கும் இடம் உண்டு. 1934இல் ராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் ஆகிய மூவர், ஒளியை உறிஞ்சும் விதத்தை வைத்து வைரங்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஏன் இரண்டு வகை என்ற கேள்வியை 1940களில் பெங்களூரில் கையில் எடுத்தவர் சி. வி. ராமன். நூற்றுக்கணக்கான வைரங்களைச் சேர்த்துவைத்து, அவற்றின் ஒளிர்வையும் உறிஞ்சலையும் எக்ஸ்ரே படங்களையும் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்தார். பின்னாளில் கொலாஜன் புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடித்த ஜி. என். ராமச்சந்திரனும் அந்த மாணவர்களில் ஒருவர். வைரத்தின் வேறுபாடுகளுக்கு அந்நியக் கலப்பு காரணமே இல்லை, வைரமே நான்கு விதமான உள்ளமைப்புகளில் படிகமாகிறது என்பது ராமனின் கோட்பாடு. லண்டனில் கேத்லீன் லான்ஸ்டேல் போன்ற படிகவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கைசர், பாண்ட் இருவரும் முதல் வகை வைரங்களில் 0.2 சதவீதம் வரை நைட்ரஜன் இருப்பதை நிறுவியதும் வழக்கு முடிந்தது, ராமன் தோற்றார். ராமனின் கோட்பாடு தவறு என்பதில் ஐயமில்லை, அதைப் பூசி மெழுக வேண்டியதும் இல்லை. ஆனாலும் அவருடைய எதிராளிகள் சொன்ன 'கலப்பு' என்ற பதிலும் பாதிதான். ஒரே அளவு நைட்ரஜன் கொண்ட இரண்டு கற்களில் ஒன்று வெள்ளையாகவும் ஒன்று மஞ்சளாகவும் இருப்பதைக் கலப்பு மட்டும் விளக்காது. அணுக்கள் எப்படி நிற்கின்றன என்ற கேள்விக்கு எல்லோருமே கடைசியில் வந்துசேர வேண்டியிருந்தது.

காலம் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது. கிம்பர்லிக் கற்களுக்குள் சிக்கியிருந்த நுண்ணிய கார்னெட் துகள்களை வைத்து 1984இல் கணித்தபோது, அவற்றின் வயது 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று தெரிந்தது. அவற்றை மேலே கொண்டுவந்த எரிமலைக் குழாயோ ஒன்பது கோடி ஆண்டுகளுக்குள்தான் வெடித்திருக்கிறது. இடைப்பட்ட காலம் முழுக்க அந்தக் கற்கள் ஆயிரம் டிகிரி சூட்டில் கிடந்தன. அவற்றுக்குள் நைட்ரஜன் அணுக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. மாற்றம் தொடங்காத கல் கடும் மஞ்சள்; இடையில் வெளியே வந்த கல் கேப் மஞ்சள். ஆகவே ஒரு மஞ்சள் வைரத்தில் நாம் காண்பது, முடிவு பெறாமல் நின்றுபோன ஒரு மாற்றத்தின் ஒரு கட்டத்தை. இதைத்தான் வழக்கமாக 'மாசு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சரி, அமைப்போ அளவோ, எல்லாம் கல்லுக்குள் இருப்பதுதானே. பட்டை தீட்டுகிறவர் இருப்பதை எடுத்துக் காட்டுகிறார், அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான ஆட்சேபம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்பதில்லை. ஒரு டம்ளர் தேநீரும் ஒரு சொட்டுத் தேநீரும் ஒரே கலவைதான். சொட்டில் நிறம் தெரியாது. ஒளி எவ்வளவு தூரம் உள்ளே பயணம் செய்கிறதோ அவ்வளவு நிறம். ஒரு வைரத்தில் நீல ஒளி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒரு காரட் வட்டக் கல்லின் உயரம் சுமார் 4 மில்லிமீட்டர். ஒளி கீழே போய் மேலே திரும்ப 8. அதற்குள் நீலத்தில் 43 சதவீதம் மிஞ்சி வெளியே வந்துவிடும். கல் வெளிர் மஞ்சளாகவே தெரியும். டிஃபனி கல்லின் உயரம் 22.2, போய்த் திரும்ப 44. அந்தப் பயணத்தில் நீலம் நூற்றில் ஒன்றுதான் மிஞ்சும். ஒரே படிகம், ஒரே நைட்ரஜன், ஒரே அமைப்பு. சிறு துண்டுகளாக்கி விற்றிருந்தால், சந்தை தள்ளுபடி விலையில் வாங்கும் ஒரு கைப்பிடி கேப் கற்கள் கிடைத்திருக்கும். ஆழமாக ஒரே கல்லாக வைத்ததால் ஒரு மஞ்சள் வைரம் கிடைத்தது.

அந்த 22.2 என்ற எண்ணை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 27 மில்லிமீட்டர் அகலக் கல்லுக்கு 22.2 உயரம் என்றால் எண்பது சதவீதத்துக்கும் மேல். வழக்கமான வட்டப் பட்டைக் கல்லின் உயரம் அகலத்தில் அறுபது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதாவது இது வயிறு பருத்த கல். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, உள்ளே நுழைந்த ஒளி 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து ஒரு பட்டையில் மோதினால் வெளியேற முடியாது, திரும்பி உள்ளேயே போகும். கல்லின் அடிமுனையிலிருந்து ஊசிபோல மேல்நோக்கி விரியும் பட்டைகளை அடிப்பாகத்தில் கூட்டி, வழக்கமான 58க்குப் பதில் 82 பட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஒளியை உள்ளேயே சுற்றவிட்டு, மஞ்சளேற்றி, பிறகு மேல்முகம் வழியாக அனுப்பும் ஏற்பாடு இது. பாரிஸில் நடந்த இந்த வேலைக்கு மேற்பார்வை செய்தவர், டிஃபனி கம்பெனி சொல்லும் வரலாற்றின்படி, ஜார்ஜ் ஃபிரெடரிக் குன்ஸ். அப்போது அவருக்கு 23 வயது. ரத்தினங்களைப் பற்றிக் கல்லூரியில் படித்தவர் இல்லை, தானாகக் கற்றவர். பின்னாளில் ஒரு ரத்தினத்துக்கே 'குன்சைட்' என்று அவர் பெயர் வைக்கப்பட்டது. 287.42 காரட்டில் 158.88 காரட்டை அரைத்துத் தள்ள அனுமதித்தது வணிகரீதியாகத் துணிச்சலான முடிவு. அடுத்த சில ஆண்டுகளில், 1888இல், அதே கிம்பர்லியில் 439.86 காரட் வெளிர்மஞ்சள் கல் ஒன்று கிடைத்தது. டி பியர்ஸ் வைரம் என்ற அந்தக் கல்லைத் தீட்டியபோது 234.65 காரட், அதாவது 53 சதவீதம், மிஞ்சியது. அந்த விகிதத்தில் டிஃபனி கல்லைத் தீட்டியிருந்தால் 153 காரட் வந்திருக்கும். கல்லின் பிறவி உருவமும் இழப்பைத் தீர்மானிக்கும் என்பதால் இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனாலும் எடையை மட்டும் துரத்தியவர் 82 பட்டைகள் வைத்திருக்க மாட்டார் என்று சொல்லலாம். டி பியர்ஸ் கல் பிறகு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு வந்து, 1928இல் கார்ட்டியே செய்துகொடுத்த புகழ்பெற்ற கழுத்தணியின் நடுக்கல்லானது. எடையில் டிஃபனியை விட மிகப் பெரியது. மஞ்சள் என்றதும் நினைவுக்கு வருவதோ டிஃபனிதான்.

இன்னும் பொருத்தமான ஒப்பீடு ஃபுளோரன்டைன் வைரம். 137.27 காரட், டிஃபனி கல்லைவிடச் சற்றே பெரியது. பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஐரோப்பாவில் இருந்ததால் இந்தியக் கல் என்றே பெரும்பாலும் கருதப்படுவது. பதினேழாம் நூற்றாண்டில் டஸ்கனி பிரபுவிடம் அதைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, நிறம் எலுமிச்சை பக்கம் சாய்கிறது என்று குறை தொனிக்கவே எழுதினார். ரோஜா வெட்டு என்ற பழைய முறையில், ஒன்பது பக்கங்களும் 126 பட்டைகளுமாக, படிகத்தின் உருவத்தை அதிகம் கெடுக்காமல் தீட்டப்பட்ட கல் அது. பட்டைகளின் எண்ணிக்கை டிஃபனியைவிட அதிகம். ஆனால் அவை ஒளியை உள்ளே நிறுத்திவைக்கும் கோணங்களில் இல்லை. ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தோடு 1918இல் வியன்னாவை விட்டுப் போனபின் காணாமல் போனதாகவே ஒரு நூற்றாண்டு எழுதிவந்தார்கள். கனடாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அந்தக் குடும்பம் 2025 நவம்பரில் வெளியிட்டது.

நிறம் பட்டறையில் பாதி உண்டாகிறது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி வைரச் சந்தையின் சொந்த நடைமுறை. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 1953இல் கொண்டுவந்த டி முதல் இசட் வரையிலான நிற அளவுகோலில், நிறமற்ற கல்லைக் கவிழ்த்துவைத்து, அடிப்பாகம் வழியாகப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். மேல்முகத்தின் மினுமினுப்பு நிறத்தை மறைத்துவிடும் என்பதே காரணம். பட்டையின் தாக்கத்தை நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் பார்க்கும் முயற்சி. அளவுகோலின் கடைசி எழுத்தையும் தாண்டிய மஞ்சள் 'ஃபேன்ஸி' வகைக்குப் போகிறது. அங்கே அதே நிறுவனம் கல்லை நிமிர்த்திவைத்து மேல்முகத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறது. ஒன்றில் பட்டையின் விளைவைக் கழிக்கிறார்கள். மற்றொன்றில் அதைச் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். 1977இல் ஹென்றி கிராஸ்பார்ட் என்பவர் 'ரேடியன்ட்' என்ற வெட்டை உருவாக்கியதும் சந்தைக்கு இதன் பலன் புரிந்தது. விலைபோகாத கேப் கற்களை அந்த வெட்டுக்கு மாற்றினால் மேல்முகத்தில் மஞ்சள் கூடித் தெரிந்தது. எழுத்து வரிசையின் கடைக்கோடியில் கிடந்த கற்கள் ஃபேன்ஸி மஞ்சளாகச் சான்றிதழ் பெற்றன. ஓர் அணுகூட உள்ளே இடம் மாறவில்லை. மாறியது வெளி உருவம் மட்டும். விலையும் கூடவே மாறியது.

இதற்கு எதிராக, மஞ்சள் வைரம் அரிது, அரியதற்கு விலை உண்டு, இதில் சந்தையின் சூழ்ச்சி என்ன இருக்கிறது என்று வாதிடலாம். நிற வைரங்களில் சிவப்பும் நீலமும்தான் மெய்யாகவே அரியவை. மஞ்சளுக்கு அந்தப் பெருமை இல்லை. ஆனால் இந்த ஆட்சேபத்தில் ஒரு நல்ல உண்மை ஒளிந்திருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. மிகப் பெரிய வைரங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், 3,106 காரட் கல்லினன் தொடங்கி, நைட்ரஜன் ஏறத்தாழ இல்லாத, நிறமற்ற கற்கள்தான் முன்வரிசையில் நிற்கின்றன. அத்தகைய கற்களுக்குள் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துளிகள் இருப்பதை 2016இல் கண்டார்கள். அவை 360 முதல் 750 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய உலோகத்தினுள் வளர்ந்தவை என்பது அதிலிருந்து தெரிந்தது. நைட்ரஜன் நிறைந்த சாதாரண வைரங்கள் அவ்வளவு ஆழத்தில் பிறப்பதில்லை. அவ்வளவு பெரிதாக வளர்வதும் குறைவு. ஆகையால் மஞ்சளாகவும் இருந்து, பெரிதாகவும் இருப்பதுதான் அரிது. 1964இல் கிம்பர்லியின் டூட்டாய்ட்ஸ்பான் சுரங்கத்தில் கிடைத்து, இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் இருக்கும் 253.7 காரட் ஓப்பன்ஹைமர் வைரம் அப்படி ஒன்று. அதை யாரும் பட்டை தீட்டவில்லை. எட்டு முகப் படிகமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். தீட்டாத டிஃபனி கல்லுக்கு நெருங்கிய உறவு என்று அதைச் சொல்லலாம். கனிமவியல் மாணவர்களுக்கு அது பொக்கிஷம். தெருவில் போகிறவருக்கு அதன் பெயர் தெரியாது.

அப்படியானால் டிஃபனி கல்லின் புகழ் வெறும் விளம்பரம்தானா? விளம்பரம் குறைவில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். 1957இல் நியூபோர்ட்டில் நடந்த டிஃபனி விருந்தில் முதன்முதலாக ஒரு பெண்ணின் கழுத்தில் ஏற்றினார்கள். 1961இல் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்துக்கான புகைப்படங்களில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்தார். 2019 ஆஸ்கர் மேடையில் லேடி காகா. 1972இல் ஒரே நாளைக்கு, ஐம்பது லட்சம் டாலர் விலை போட்டு, பத்திரிகையில் விற்பனை விளம்பரமும் கொடுத்தார்கள். யாரும் வாங்கவில்லை, வாங்குவார்கள் என்று கம்பெனியும் எதிர்பார்த்திருக்காது என்றே நினைக்கத் தோன்றுகிறது. விற்காமல் இருப்பதே அந்தக் கல் செய்யும் வியாபாரம். ஆனால் விளம்பரம் எந்தக் கல்லுக்கும் இப்படி ஒட்டாது. 82 பட்டைகளுக்குள் சுற்றிவந்த அந்த மஞ்சள் கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால், ஆட்ரி ஹெப்பர்ன் கழுத்திலும் அது பெரிய கேப் கல்லாகவே இருந்திருக்கும். சந்தை தன் பங்கைச் செய்தது. பட்டறை செய்துவைத்ததன் மேல் நின்றுதான் செய்தது.

ஆய்வகத்தில் மஞ்சள் வைரம் வளர்க்கிறார்களே, இனி இந்தப் பெருமையெல்லாம் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1954 இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் டிரேசி ஹால் உயர் அழுத்தத்தில் வைரம் செய்துகாட்டினார். 1970இல் அதே கம்பெனி நகைத் தரக் கற்களை வளர்த்தது. அந்த முறையில் தடுக்காவிட்டால் கல் தானாகவே மஞ்சளாகிவிடும்; கலனுக்குள் இருக்கும் காற்றின் நைட்ரஜனே போதும். அந்த முறையில் வெள்ளைக் கல் எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த மஞ்சளில் நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியே நிற்கும். சில நாள், சில வாரத்தில் வளர்ந்த கல்லில் அவை ஜோடி சேர நேரமில்லை. கிம்பர்லிக் கல்லில் மூன்றும் நான்குமாகக் கூடி நிற்கும். ஆய்வகத்தின் அகச்சிவப்பு நிறமாலைமானி இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். இயற்கைக் கல்லுக்கும் செயற்கையாக நிறம் ஏற்றலாம்: ரேடியத்தில் புதைத்து வைரத்தைப் பச்சையாக்கலாம் என்று 1904லேயே குரூக்ஸ் காட்டிவிட்டார்; இன்று கதிர்வீச்சும் வெப்பமும் கொடுத்து மஞ்சளாக்குவது சாதாரணம். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது, நகைக்கடைக்காரரின் கண்ணாலும் முடியாது.

எனவே மஞ்சள் வைரம் வாங்க நினைக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. கல்லை மேல்முகமாக மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துவைத்துப் பக்கவாட்டிலும் பாருங்கள். இரண்டு மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம் பட்டை தீட்டியவர் சேர்த்தது. அதற்கும் சேர்த்துத்தான் விலை கேட்கிறார்கள், கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் கல் பூமியில் விளைந்ததா ஆய்வகத்தில் வளர்ந்ததா, நிறம் இயற்கையா ஏற்றியதா என்ற இரண்டும் எழுத்தில் இல்லாத சான்றிதழை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.